‘ஒன்றுமில்லை’ என்று எழுதப்படும் வருத்தங்கள்

குடாநாட்டின் வைத்தியசாலைகளுக்குக் கிளினிக் கொப்பியுடன் சென்று திரும்புவோர் வீட்டில் வந்து சொல்லும் வார்த்தைகளில் அநேகமாக ஒன்று பொதுவானதாக இருக்கும். "ஒண்டுமில்லையாம்" என்பதே அது. வைத்தியரைப் பொறுத்தவரை அது நற்செய்தி. இரத்தப் பரிசோதனையில் கோளாறில்லை, எக்ஸ்றேயில் முறிவில்லை, ஸ்கானில் கட்டியில்லை, ஆகவே அஞ்சுவதற்கு ஏதுமில்லை என்ற கருத்திலேயே அவர் அதனைச் சொல்கின்றார். ஆனால் எட்டு ஆண்டுகளாக இடுப்பு வலியுடனும் உறக்கமின்மையுடனும் காலந்தள்ளும் ஒருவரின் காதில் அதே வார்த்தை வேறு பொருளில் விழுகின்றது. தான் சொன்னதை வைத்தியர் நம்பவில்லை என்றே அவர் விளங்கிக்கொள்கின்றார். அடுத்த கிளினிக் நாளில் அவர் வாய் திறப்பதில்லை. மூன்றாவது தடவை கிளினிக்கிற்கே செல்வதில்லை.

நாட்பட்ட நோயாளர் எல்லோருக்கும் இந்நிலை ஏற்படுகின்றது என்று கூறிவிட முடியாது. நீரிழிவு உள்ளவரிடம் ஓர் எண் இருக்கின்றது. உயர் குருதி அமுக்கம் உள்ளவரிடம் இரண்டு எண்கள் இருக்கின்றன. அந்த எண்கள் அவருக்காகப் பேசுகின்றன, வைத்தியரும் அவற்றுடன் பேசுகின்றார். எண் இல்லாத வருத்தக்காரரே இங்கு அநாதரவானவர். உடலெங்கும் நோவு, ஓயாத களைப்பு, கை கால் விறைப்பு, தலைச்சுற்று, நெஞ்சு எரிவு, மாதவிடாய்க் காலத்தில் படுக்கையை விட்டு எழ முடியாத வலி ஆகியவற்றை அளப்பதற்குக் கருவி இல்லை. நோயாளியின் வாய்மொழியே இங்கு ஒரே சான்று. அச்சான்று ஏற்கப்படாதவிடத்து அவரிடம் வேறு ஆதாரம் எதுவும் இருப்பதில்லை. எண் உள்ளவர்கூடச் சில வேளைகளில் தப்புவதில்லை. பாதம் நெருப்பாக எரிகின்றது என்று முறையிடும் நீரிழிவு நோயாளிக்கு, "சீனி கட்டுப்பாட்டில்தானே இருக்கு" என்ற பதிலே கிடைப்பதுண்டு.

இது குறித்து எழுதும்போது எமது வைத்தியசாலைகளின் வரலாற்றை மறந்து எழுதுவது நன்றி மறந்த செயலாகும். 1850இல் அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியால் உருவான யாழ்ப்பாண வைத்தியசாலை, போர்க்காலத்தின் இன்னல்களைத் தாங்கி நின்றது. 1987 ஒக்டோபர் 21ஆம் திகதி இந்திய அமைதிப் படையினர் அதனுள் புகுந்து நடத்திய படுகொலையில், நோயாளர்களும் பணியாளர்களுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வைத்தியர்கள் சிவபாதசுந்தரம், பரிமேலழகர், கணேசரத்தினம் ஆகியோர் பணியிலிருந்தபடியே கொல்லப்பட்டனர். மருந்துத் தடையின்போதும், 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோதும், 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை அடைபட்டபோதும், இருந்ததைக்கொண்டு உயிர் காத்தவர்கள் இவ்வைத்தியர்களும் தாதியருமே. இந்த வரலாற்றினாலேயே பலர் தமது மனக்குறையை வெளியிற் சொல்லத் தயங்குகின்றனர். உயிரைக் காப்பாற்றித் தந்த இடத்தைக் குறைகூறுவதா என்ற கூச்சம் எம்மவர்களிடம் இன்னமும் உண்டு.

அந்தக் கூச்சத்தை ஒருபுறம் வைத்துவிட்டு நிலைமையை நோக்குவோம்.

முதலாவது காரணம் நேரம். 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வொன்று, ஆரம்ப நிலை வைத்தியர் ஒரு நோயாளியுடன் செலவிடும் நேரம் பங்களாதேஷில் சராசரியாக 48 செக்கன்கள் என்றும் சுவீடனில் 22 நிமிடங்களுக்கும் மேல் என்றும் காட்டியது. உலக மக்களில் ஏறத்தாழ அரைவாசிப்பேர் வாழும் நாடுகளில் அந்த நேரம் ஐந்து நிமிடம் அல்லது அதற்கும் குறைவாகும். எமது கிளினிக் அறைகளின் வாசலில் நின்று பார்ப்பவருக்கு நாம் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்து நாடெங்கிலுமிருந்து வைத்தியர்கள் வெளிநாடு சென்றமையால் எஞ்சியிருப்போரின் சுமை மேலும் அதிகரித்தது. ஒருவரே நூறு பேரைப் பார்க்க வேண்டிய காலைப்பொழுதில், எண் உள்ள நோய்க்கு முன்னுரிமை கிடைப்பது இயல்பே.

ஆயினும் நேரமின்மை முழு விளக்கமாகாது. அரச வைத்தியர் கடமை நேரத்திற்குப் புறம்பாகத் தனியார் சேவையில் ஈடுபட இந்நாட்டில் அனுமதி உண்டு. காலையில் வைத்தியசாலையில் வாய் திறக்க முடியாதவர், மாலையில் அதே வைத்தியரை ‘சனல்’ செய்து, காசு கட்டி, கதிரையில் இருந்து பேசிவிட்டு வருகின்றார். எழுதப்படும் குளிசை பெரும்பாலும் அதேதான். அவர் எதற்காகக் காசு கட்டினார் என்பது சிந்திக்கத்தக்கது. இலவச சுகாதார சேவையைப் பெருமையுடன் பேசும் நாட்டில் சிகிச்சை இலவசமாகவும், காதுகொடுத்தல் கட்டணத்திற்குரியதாகவும் மாறிவருகின்றது. அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியாதவர் பார்மசிக்குச் சென்று தாமாகவே பனடோல் வாங்கிக்கொள்கின்றார். வேறு சிலர் நாடி பிடித்துப் பார்த்து அரைமணி நேரம் பேசும் சித்த வைத்தியரை நாடுகின்றனர். படித்தவர்கள் இதனை மூடநம்பிக்கை என்று சிரிப்பதுண்டு. எமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

இனி, இம்மண்ணுக்கே உரிய காரணத்திற்கு வருவோம்.

போர் முடிந்த சில மாதங்களில், 2009இன் நடுப்பகுதியில், யாழ். மாவட்டத்தில் 1,517 வீடுகளை உள்ளடக்கி ஓர் ஆய்வு நடத்தப்பட்டு, 2011 ஓகஸ்டில் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில் அதன் முடிவுகள் வெளியாகின. பதகளிப்பின் அறிகுறிகள் 32.6 வீதமானோரிடமும், மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதமானோரிடமும், நெருக்கீட்டிற்குப் பிந்திய மனவடு 7 வீதமானோரிடமும் காணப்பட்டன. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, யாழ். பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வேறொன்றையும் கவனித்து எழுதிவந்தார். எமது மக்கள் "எனக்குக் கவலை" என்று வந்து சொல்வதில்லை. நோ, எரிவு, விறைப்பு, பெருமூச்சு என்று உடலின் மொழியிலேயே தமது துயரத்தைச் சொல்கின்றனர். காணாமற்போன மகனைப் பற்றிப் பேச இடமில்லாத தாய், நெஞ்சு அடைப்பதைப் பற்றிப் பேசுகின்றார்.

இது மிகப் பெறுமதியான அவதானிப்பு. துயரமும் உடல்நோவும் எமது பண்பாட்டில் இரண்டாகப் பிரிந்திருப்பதில்லை என்பதை அது வைத்திய உலகிற்கு எடுத்துரைத்தது. ஆனால் நல்ல அறிவும் அவசரக்காரர் கையில் வேறு வேலை செய்துவிடுகின்றது. போரைக் கண்டவர்கள் உடல்நோவு சொல்வார்கள் என்ற உண்மை, உடல்நோவு சொல்பவர்கள் எல்லாம் மனத்தால் வருந்துபவர்களே என்ற முடிவாகத் தலைகீழாகின்றது. உடலினுள் ஷெல் சிதறலைச் சுமந்து வாழ்பவர் இங்கு உள்ளனர். பதுங்குகுழியில் விழுந்து முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர் உள்ளனர். லூபஸ், தைரொயிட் குறைபாடு, மூட்டுவாதம் போன்ற நோய்களின் முதற்கட்டமும் களைப்பும் நோவுமாகவே தோன்றுகின்றது. "யோசிக்காதையுங்கோ, எல்லாம் சரியாகும்" என்ற ஆறுதலுடன் இவர்கள் திருப்பியனுப்பப்படும்போது, நோய் இன்னும் ஓராண்டு வளர்கின்றது. உண்மையில் மனத்தாலேயே வருந்துபவருக்கும் அந்த ஆறுதலினால் பயனில்லை. அவருக்கும் ஒரு சிகிச்சை உண்டு, அதுவும் கிடைப்பதில்லை.

முஸ்லிம் வாசகர்களுக்கு இதில் தனியான பங்குண்டு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணிநேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வடக்கிலிருந்து அவ்வாறு துரத்தப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலானோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கு வாழ்ந்தவர்களிடையே செஸ்மல் சிறிவர்தன தலைமையிலான ஆய்வுக் குழு மேற்கொண்ட ஆய்வு 2013இல் வெளியானது. ஆய்வுக்குட்பட்ட 450 பேரில் 18.8 வீதமானோருக்குப் பொதுவான உளநோய்களில் ஏதேனும் ஒன்று இருந்தது. அவற்றுள் முன்னணியில் நின்றது மனச்சோர்வு அன்று. பெரு மனச்சோர்வு 5.1 வீதம், மனவடு 2.4 வீதம் என்றிருக்க, உடல் முறைப்பாடுகளாக வெளிப்படும் கோளாறு 14 வீதமாக இருந்தது.

இந்த 14 வீதத்தை எப்படி வாசிப்பது? இழப்பு உடலில் குடியேறிவிட்டது என்று வாசிக்கலாம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்த நோய்ப்பெயரின் அன்றைய இலக்கணமே, மருத்துவக் காரணம் கண்டறியப்படாத உடல் முறைப்பாடு என்பதாகும். காரணம் இல்லை என்பதும் காரணம் கண்டறியப்படவில்லை என்பதும் ஒன்றல்ல. தேடுவதற்கு வசதியற்ற முகாம் வாழ்க்கையில் எத்தனை காரணங்கள் கண்டறியப்பட்டிருக்கக்கூடும்? இக்குழப்பத்தை மருத்துவ உலகும் உணர்ந்தே இருக்கின்றது. அமெரிக்க உளமருத்துவ சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடு 2013இல் திருத்தப்பட்டபோது, ‘மருத்துவக் காரணம் இல்லாமை’ என்ற அளவுகோல் கைவிடப்பட்டது. விளக்கமின்மையை வைத்து ஒரு நோயை வரையறுப்பது முறையன்று என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

போருக்குப் பின்னர் சோனகதெரு, ஒஸ்மானியா கல்லூரிச் சூழல் என்று மீளத் திரும்பிய குடும்பங்களில் வயது முதிர்ந்தோர் பலருக்குப் புத்தளத்திலும் ஒரு காலுண்டு, யாழ்ப்பாணத்திலும் ஒரு காலுண்டு. நாட்பட்ட நோய்க்குத் தொடர்ச்சியான பதிவே உயிர்நாடி. இரண்டு ஊர்களில் இரண்டு கொப்பிகளுடன் வாழும் ஒருவர், ஒவ்வொரு தடவையும் தமது கதையை முதலிலிருந்து தொடங்க வேண்டியுள்ளது. பதினைந்து தடவைகள் இடம்பெயர்ந்த வன்னித் தமிழ்க் குடும்பத்தின் நிலையும் இதுவே. இவ்விடயத்தில் இரு சமூகங்களும் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கின்றன.

பெண்களின் நிலை இன்னும் மோசமானது. கருப்பையின் உட்சவ்வு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய், இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் 10 வீதமானோரைப் பாதிப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. வசதிபடைத்த நாடுகளிற்கூட அதனைக் கண்டறியப் பல ஆண்டுகள் எடுக்கின்றன. மாதவிடாய் என்றால் நோகத்தானே செய்யும் என்று தாயும் மாமியும் முதலில் சொல்லி, பின்னர் வைத்தியரும் சொல்லும்போது, அந்தப் பெண்ணுக்கு முறையிட வேறு வாசல் இல்லை. எம்மிடையே குமர்ப்பிள்ளைக்கு வருத்தம் என்று வெளியில் தெரிந்தாலே சம்பந்தம் குழம்பிவிடும் என்ற பயம் வேறு.

வைத்தியர்கள் தவறுவதற்கு இலக்கான துறை இது என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் ஏராளம். எம்மவர் ‘காஸ்ரிக்’ என்று சொல்லும் வயிற்றுப்புண், கவலையினாலும் உறைப்பினாலும் வருவதென்றே பல தசாப்தங்களாக உலகெங்கும் சொல்லப்பட்டது. அவுஸ்திரேலிய வைத்தியரான பரி மார்ஷல் 1984இல் ஒரு பற்றீரியாக் கரைசலைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் ரொபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. கவலைப்படாதே என்று அறிவுறுத்தப்பட்ட கோடிக்கணக்கானோருக்கு வேண்டியிருந்தது இரண்டு வார நுண்ணுயிர்கொல்லி மருந்தேயாகும்.

இன்னொன்று இதனினும் விசித்திரமானது. 1955இல் லண்டன் றோயல் ஃப்ரீ வைத்தியசாலையில் ஏறத்தாழ 300 பணியாளர்கள் தசைவலி, தளர்ச்சி, நீங்காத களைப்பு என்று வீழ்ந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். 1970இல் இரண்டு உளமருத்துவர்கள் அந்நோயாளரை நேரிற் காணாமலே, பழைய பதிவேடுகளை வைத்து அதனைக் கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினர். அந்த முத்திரை ஒரு தலைமுறைக்கும் மேலாக நீடித்தது. அவ்வகைக் களைப்பு நோயாளரைப் படிப்படியாக உடற்பயிற்சி செய்யுமாறு பணித்த சிகிச்சையை பிரித்தானிய வழிகாட்டி நிறுவனம் கைவிட்டது 2021 ஒக்டோபரில்தான். இங்கு நம்பப்படாதவர்கள் தாதியரும் வைத்தியர்களும் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கே அந்நிலையென்றால், நெடுந்தீவிலிருந்து வரும் ஒரு மூதாட்டியின் நிலையை யாரும் ஊகிக்கலாம்.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டியுள்ளது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரச உத்தியோகம் தேடி வெளியூர் செல்வதையும், கிராமத்தவரிடமிருந்து நடையுடையிலும் அந்நியப்படுவதையும் கண்ட அவர், தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தீர்மானித்தார். உடற்கூற்றியல், இரண வைத்தியம், இரசாயனம் என மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். 1873இல் அவர் தாயகம் திரும்பும்போது முப்பதுக்கும் மேற்பட்டோர் தமிழில் கற்று வைத்தியர்களாகியிருந்தனர். மதம் பரப்பும் நோக்கம் அவருக்கு இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் நோயாளியும் வைத்தியரும் ஒரே மொழியில் பேச வேண்டும் என்ற தெளிவு ஒரு பிறநாட்டாரிடம் இருந்தது. அவ்வேற்பாடு பின்னர் ஆங்கிலத்திற்கே திரும்பியது.

இன்று கிளினிக் கொப்பியைத் திறந்தால் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளே உள்ளன. தன்னைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கின்றது என்பதை நோயாளி அறியார். வீட்டில் ஆங்கிலம் படிக்கும் பேரப்பிள்ளைக்கும் அது விளங்காது. தெற்கிலிருந்து பணிக்கு வரும் இளம் சிங்கள வைத்தியர்கள் பலர் பாதித் தமிழில் பரிவுடன் பேச முயல்வதையும் கண்டிருக்கின்றோம். அதேவேளை, தமிழே தாய்மொழியான சிலர் நோயாளியின் முகம் பாராது, அருகிலுள்ள பயிற்சி மாணவருடன் ஆங்கிலத்தில் பேசி முடித்துவிடுவதையும் கண்டிருக்கின்றோம். எனவே இதனை இனப்பிரச்சினையாகச் சித்திரித்துத் தப்பிக்க முடியாது. ‘குத்துது’, ‘குடையுது’, ‘அரிக்குது’, ‘உளையுது’, ‘விண்விண்ணெண்டு தெறிக்குது’ என்று வலிக்கு எம்மிடம் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நோய்க்குறி. அவை அனைத்தும் கொப்பியில் ‘வலி’ என்பதற்கான ஒரே ஆங்கிலச் சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன.

2024 ஜூலையில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையில் நடந்தவற்றை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பதில் வைத்திய அத்தியட்சகராக வந்த இராமநாதன் அர்ச்சுனா முன்வைத்த குற்றச்சாட்டுகளுக்கு ஆதரவாகப் பெருந்தொகையான மக்கள் வீதியில் இறங்கினர். அதே ஆண்டு நவம்பரில் அவர் சுயேச்சையாகப் போட்டியிட்டு யாழ். மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினருமானார். அக்குற்றச்சாட்டுகள் ஒவ்வொன்றினதும் உண்மை பொய்யை ஆராய்வது இக்கட்டுரையின் வேலையன்று. தனிமனிதரைச் சுற்றி எழுந்த ஆரவாரம் எமக்கு உவப்பானதும் அன்று. ஆனால் ஒரே இரவில் அவ்வளவு பேர் திரண்டமைக்கு, ஒவ்வொருவரிடமும் சொல்லப்படாத ஒரு கிளினிக் அனுபவம் இருந்தமையும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகின்றோம். முறையிட ஒழுங்கான வழி இல்லாதவிடத்து, முறைப்பாடு வீதிக்கு வருகின்றது. வீதியில் அது நல்ல வைத்தியரையும் அல்லாதவரையும் ஒன்றாகவே அடிக்கின்றது.

நீதிமன்றம் இதற்கு விடையாகாது. நோய் தவறாகக் கணிக்கப்பட்டுக் குழந்தை இறந்ததாக ஒரு தந்தை தொடுத்த வழக்கு, இந்நாட்டில் பல ஆண்டுகள் நடந்து 2001இல் உயர்நீதிமன்றத்தில் முடிந்தது. கவனயீனம் இருந்தபோதிலும் அதுவே மரணத்திற்குக் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என்பதால் நட்டஈடு மறுக்கப்பட்டது. மரணத்திற்கே நிலைமை அதுவென்றால், கேட்கப்படாத வலிக்கு எந்த நீதிமன்றத்தில் வழக்குரைப்பது?

செய்யக்கூடியவை வைத்தியசாலைக்குள்ளேயே உள்ளன, அவற்றுக்குக் கோடிகள் தேவையில்லை. நாட்பட்ட நோயாளி ஒவ்வொரு தடவையும் புதிய முகத்தைச் சந்திக்காமல், இயன்றவரை ஒரே வைத்தியரையே சந்திக்கும்படி கிளினிக்கை ஒழுங்குசெய்யலாம். குடிமக்களை அருகிலுள்ள ஆரம்பப் பராமரிப்பு நிலையத்துடன் இணைக்கும் கொள்கை 2018இல் வகுக்கப்பட்டது. அது காகிதத்தில் இருப்பது போதாது. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நோயாளிக்கென்று நான்கு வரி தமிழில் எழுதினால், அதிகம் போனால் ஒரு நிமிடம் செல்லும். 1978இல் தொடங்கப்பட்ட எமது மருத்துவ பீடம் நூற்றுக்கணக்கான திறமைசாலிகளை உருவாக்கியுள்ளது. நோயாளியின் வாய்மொழியைக் கேட்டெழுதும் கலைக்குப் பரீட்சையில் எவ்வளவு புள்ளி என்பதை அப்பீடம் மீளவும் பார்ப்பது நன்று. எல்லாவற்றுக்கும் முன்னதாக, "ஒண்டுமில்லை" என்பதற்குப் பதிலாக, "பரிசோதனையில் இன்னும் காரணம் தெரியவில்லை, உங்கள் நோவு எனக்கு விளங்குகின்றது, அடுத்த மாதம் திரும்பப் பார்ப்போம்" என்று கூறலாம். மருத்துவ ரீதியாகவும் அதுவே சரியான கூற்று.

நோயாளர் தரப்பிலும் சிறு ஆயத்தம் உதவும். எப்போது தொடங்கியது, எப்போது கூடுகின்றது, எந்தக் குளிசை கேட்டது, எது கேட்கவில்லை என்பவற்றை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிச் சென்றால், அந்த இரண்டு நிமிடமும் வீணாகாது. கூடச் செல்லும் மகனோ மருமகளோ நோயாளிக்காகப் பேசாமல், அவரைப் பேசவிட வேண்டும்.

தீவகத்தவரின் விடயம் தனியானது. நெடுந்தீவிலிருந்து படகில் குறிகட்டுவான் வந்து, அங்கிருந்து பேருந்தில் யாழ். நகரை அடைபவர், கிளினிக் முடிந்து பிற்பகல் படகைப் பிடிக்கத் தவறினால் அன்றிரவு யாரோ உறவினர் வீட்டுத் திண்ணையில்தான் தங்க வேண்டும். அவர்களுக்கான இலக்கங்களைப் படகு நேரத்தை ஒட்டி வழங்குவதற்கு ஒரு சுற்றறிக்கைகூடத் தேவைப்படாது. பதிவு மேசையிலுள்ள உத்தியோகத்தர் விலாசத்தைப் பார்த்தாலே போதும்.